ஒரு காப்பி, ஒரு பிஸ்கட்

சான்டாம், ஹாலந்து
9 மார்ச் 1980

அன்பு லியோனிக்கு,

வியாழக்கிழமை உன் கடிதம் வந்தது. நம் சுரினாமில் சிப்பாய்கள் ஆட்சியைப் பிடித்ததை ரேடியோவில் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. உன் கையெழுத்தைக் கண்ட பிறகுதான் சாப்பாடு இறங்கியது.

ஹாலந்துக்காரர்கள் நவம்பரோடு கதவைச் சாத்திவிடுவார்களாம். அதற்குப் பிறகு சுரினாம்காரர்கள் நினைத்தபடி இங்கே குடியேற முடியாது. உன் அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொள்ள நீ அங்கேயே நின்றுவிட்டாய். அவர்களும் போய் ஒரு வருடமாகிறது. வருவதானால் இந்த வருடம்தான். அதற்கு முன் இந்த ஜனங்களைக் கொஞ்சம் தெரிந்துகொள். நான் பட்ட பாடு நீ படவேண்டாம்.

முதல் விஷயம், சொல்லாமல் யார் வீட்டுக்கும் போகாதே. வந்த புதிதில் ஒரு ஞாயிறு எங்கள் வேலையிடத்து மேஸ்திரி வீட்டுக்கு கேக் எடுத்துக்கொண்டு போனேன். மனுஷன் கதவைத் திறந்து, "என்ன எட்கர், யாராவது செத்துட்டாங்களா?" என்றார். உள்ளே சாப்பாட்டு வாசனை. "நாங்க சாப்பிட்டுக்கிட்டிருக்கோம். அடுத்த ஞாயிறு மூணு மணிக்கு வர்றியா?" என்று டைரியை எடுத்தார். போனேன். ஒரு காப்பி, ஒரு பிஸ்கட். அடுத்த நிமிடம் டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்ப்பது பிஸ்கட் தொழிற்சாலையில், லியோனி!

ஆனால் ஒன்று. அந்த ஒரு மணி நேரமும் அவர் என் முகத்தைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

உன் கணவன் எட்கர்


பாராமரிபோ
30 மார்ச் 1980

எட்கர், என் செல்லமே,

உயிரோடு இருக்கிறேன், கால்தான் வீங்கியிருக்கிறது. பாதி நர்சுகள் ஹாலந்துக்கு விமானம் ஏறிவிட்டார்கள். மிச்சமிருக்கிற எங்கள் இடுப்பு ஒடிகிறது. சிப்பாய்கள் தெருமுனையில் துப்பாக்கியோடு நின்று, கொசுக்கடிக்கு என்னிடம் களிம்பு கேட்கிறார்கள். சின்னப் பிள்ளைகள். திட்டிவிட்டுக் கொடுத்தேன்.

உன் பாடத்தை எங்கள் மேட்ரனிடம் சொன்னேன். அவள் ஹாலந்துக்காரி, உட்ரெக்ட் ஊர். விழுந்து விழுந்து சிரித்தாள். "மூஞ்சிக்கு நேரா பேசறோம்னு எங்களைத் திட்டுவீங்க. உன்னால தாங்க முடியும்னு நம்பறதாலதான்டி நேரா சொல்றோம். அது மரியாதை" என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது. சரி, பழகிப் பார்ப்போம் என்று, உன் அக்கா ஸ்டெல்லா பிறந்தநாளுக்குக் கோழியும் கிழங்கும் போட்டுச் சுட்ட போமை வாயில் போட்டதும், "அக்கா, உப்பு ஜாஸ்தி" என்றேன். "அடியே, டிக்கெட் வாங்கறதுக்கு முன்னாடியே வெள்ளைக்காரி ஆயிட்டியா?" என்று என் தட்டைப் பிடுங்கிக்கொண்டாள். மறுநாள் காலையில் வாசலில் வந்து நிற்கிறாள். "உப்பு ஜாஸ்திதான்டி. இத்தனை வருஷமா ஒருத்தரும் சொல்லலையே, பாவிங்க!"

எனக்குத் தங்க இடம் இருக்கிறது என்று நகராட்சியில் வாங்கவேண்டிய சான்றை எப்போது அனுப்புகிறாய்? அது இல்லாமல் இங்கே ஒன்றும் நகராது.

முத்தங்களுடன்,
லியோனி


சான்டாம்
27 ஏப்ரல் 1980

அன்பு லியோனிக்கு,

ஸ்டெல்லாவை நினைத்துத் தனியாகச் சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.

இங்கே பிறந்தநாள் என்றால் எல்லோரும் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்வார்கள். பிறந்தநாள்காரரை மட்டுமல்ல, அவர் மாமியார், மச்சான் எல்லோரையும் கைகுலுக்கி வாழ்த்தவேண்டும். முதலில் பைத்தியக்காரத்தனமாக இருந்தது. இப்போது பிடிக்கிறது. சாயங்காலம் திரைச்சீலையை மூடமாட்டார்கள். தெருவில் போகிறவன் வீட்டுக்குள் பார்க்கலாம், மறைக்க எதுவுமில்லை என்கிறார்கள்.

இன்னொரு புதுப் பழக்கமும் வந்திருக்கிறது. கணவன் ஒரு வீட்டில், மனைவி ஒரு வீட்டில். மேஸ்திரியின் தங்கை அப்படித்தான் இருக்கிறாள். புதன்கிழமையும் சனிக்கிழமையும் சந்திக்கிறார்கள். சண்டையே கிடையாதாம். யாரும் தப்பாகப் பேசுவதுமில்லை. சும்மா சொன்னேன், இங்கே எல்லா விதமான வாழ்க்கைக்கும் இடமிருக்கிறது.

நகராட்சியில் ஒரே கூட்டம். போகிறேன்.

எட்கர்


பாராமரிபோ
18 மே 1980

எட்கருக்கு,

திரைச்சீலைக்கும் நகராட்சிக்கும் நடுவே நைசாக ஒரு ஜோடியை உட்கார வைத்திருக்கிறாய். இரட்டை டூட்டி முடிந்து வந்து அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உன்னை எனக்குத் தெரியாதா? கல்யாணத்துக்குக் கேட்டபோதுகூட, "மழை வரும்போலிருக்கு, எங்க வீட்டுக் கூரை ஒழுகாது" என்று சொன்ன ஆள் நீ.

எனக்கு அலுத்துவிட்டது. அதனால் உன் ஹாலந்துக்காரர்கள் மாதிரியே நேராகக் கேட்கிறேன். நான் வந்து உன்னோடு வாழவேண்டும் என்று விரும்புகிறாயா? ஆமாம் என்றோ இல்லை என்றோ எழுது. வேறொருத்தி இருந்தால் அதையும் எழுது.

லியோனி


சான்டாம்
6 ஜூலை 1980

அன்பு லியோனிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. இருமல் விடவில்லை. நீ எப்போதும் அவசரப்படுகிறாய். இந்த வீடு சின்னது, படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்து, உன் காலுக்கு ஆகாது. குளிர்காலமும் கடுமை. நவம்பருக்கு இன்னும் நாளிருக்கிறதே. நிதானமாக யோசிப்போம். நகராட்சியில் ஒரு தாள் குறைகிறது என்றார்கள். ஸ்டெல்லாவைக் கேட்டதாகச் சொல்.

எட்கர்


பாராமரிபோ
20 ஜூலை 1980

எட்கர்,

உன் கடிதத்தில் இருமல் இருக்கிறது, படிக்கட்டு இருக்கிறது, குளிர் இருக்கிறது. என் கேள்விக்குப் பதில் மட்டும் இல்லை. எனக்கு இத்தனை பாடம் எடுத்தாயே, நீ எதைக் கற்றுக்கொண்டாய்? மேஸ்திரியாக இருந்தால் வாசலிலேயே சொல்லியிருப்பார்.

லியோனி


சான்டாம்
10 ஆகஸ்ட் 1980

லியோனி,

இல்லை.

வேறு யாரும் இல்லை. இருந்தால் உனக்குச் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். வேலை முடிந்து வருகிறேன், கதவைச் சாத்துகிறேன், யாரும் ஒன்றும் கேட்பதில்லை. முதல் வருடம் அந்த அமைதி என்னைக் கொன்றது. உன் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டுப் பார்ப்பேன். எப்போது அது மாறியது என்று தெரியவில்லை. இப்போது அந்த அமைதி இல்லாமல் எனக்கு முடியாது. உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான்தான் தீர்ந்துபோய்விட்டேன்.

நகராட்சிப் பக்கம் நான் போகவே இல்லை. உனக்கு இடமிருக்கிறது என்று கையெழுத்துப் போட்டால் அது பொய். இதை எழுத இத்தனை மாதமானதற்கு வெட்கப்படுகிறேன்.

எட்கர்


டெவென்டர், ஹாலந்து
19 அக்டோபர் 1980

எட்கருக்கு,

தபால்தலையைப் பார்த்துப் பயப்படாதே. உன் வாசலில் வந்து நிற்கமாட்டேன்.

உன் "இல்லை" வந்த அன்று டூட்டிக்குப் போகாமல் படுத்துவிட்டேன். ஸ்டெல்லா நிலக்கடலை சூப்பைக் கொண்டுவந்து வாயில் ஊட்டாத குறை. "அவன் என் தம்பியே இல்லடி, கையில மாட்டட்டும்" என்று திட்டிக்கொண்டே அழுதாள். உன்னைப் பற்றிக் கவலைதான், வெளியே சொல்லமாட்டாள்.

அப்புறம் மேட்ரன் இங்கே ஒரு முதியோர் இல்லத்துக்கு எழுதினாள். வேலையும் தங்க ஓர் அறையும் கொடுத்தார்கள். எனக்கு இடமிருக்கிறது என்று அவர்களே கையெழுத்துப் போட்டார்கள். உன் பின்னால் வந்தேன் என்று நினைக்காதே. இரட்டை டூட்டி பார்த்துப் பார்த்து ஓய்ந்துவிட்டேன். ஒரு டூட்டி முடிந்தால் வீட்டுக்குப் போகச் சொல்லும் ஊர் எனக்கு வேண்டியிருந்தது.

இங்கே ஒரு கிழவி, முதல் நாளே கையைத் தட்டிவிட்டாள். "உன் கை ஐஸ் மாதிரி இருக்கு, போய்ச் சூடு பண்ணிட்டு வா!" போய் வெந்நீரில் நனைத்துவிட்டு வந்தேன். குளிப்பாட்டி முடித்ததும், "நாளைக்கும் நீயே வா. போன வாரம் வந்தவ சரியில்ல" என்றாள். எவ்வளவு நிம்மதி தெரியுமா? மனசுக்குள் என்ன இருக்கிறது என்று நான் குடைந்து பார்க்கவேண்டியதில்லை. இந்த ஜனங்களை எனக்குப் பிடித்திருக்கிறது, எட்கர். நீ சொல்லிக்கொடுத்துத்தான் பிடித்தது. உன் கடைசிக் கடிதத்துக்கும் நன்றி. ரொம்ப வலித்தது. ஆனால் என்னால் தாங்க முடியும் என்று ஒரு தடவையாவது நம்பினாயே.

டைரியை எடு. நவம்பர் எட்டாம் தேதி, சனிக்கிழமை, மூன்று மணிக்கு வருகிறேன். விவாகரத்துத் தாள்களையும், ஸ்டெல்லா உனக்கென்று கட்டிக்கொடுத்த மிளகாய் ஊறுகாயையும் கொண்டுவருவேன். அந்தப் படிக்கட்டு எப்படி ஏறுவது என்று நான் பார்த்துக்கொள்கிறேன். நாலு மணிக்குக் கிளம்பிவிடுவேன்.

ஒரு காப்பி, ஒரு பிஸ்கட். அதோடு டப்பாவை மூடிவிடு. இன்னொன்று எடுத்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிடாதே. சொன்னால் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடுவேன்.

லியோனி