கறுப்புக் கயிறு கட்டிய கல்

ஜூன் 2, செவ்வாய்

தெருவில் பேருந்துச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் சன்னலைச் சாத்தினேன். பதினெட்டு வருடம் நானே ஓட்டிய தடம்! பாலத்தின் நடுவில் மூச்சு முட்டி வண்டியை நிறுத்திய நாளிலிருந்து ஸ்டியரிங்கைத் தொடவில்லை. 23ஆம் தேதி பணிமனை அதிகாரி முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். தவறினால் கடைசிவரை சீட்டு விற்கும் சன்னல்தான். டாக்டர், பௌத்தக் கோயில் தோட்டத்தில் தியானத்துக்கு உட்காரச் சொல்கிறார். என் கணவர் கோஹெய்க்கு ஒரே சிரிப்பு. "நீயா சும்மா உக்காருவ? சோறு வேகுறதுக்குள்ள மூணு தடவை மூடியைத் திறக்கிறவ!"

ஜூன் 4

மூச்சைப் பத்து வரை எண்ண வேண்டுமாம். நான்கைத் தாண்டவில்லை. நான்கில் பாலம் வந்துவிடுகிறது.

ஜூன் 9

தியானம் முடிந்ததும் எல்லோரும், இங்கே புல்லுக்குப் பதில் வளர்க்கும் பாசித் தரையில் களையெடுக்க வேண்டும். அவசரத்தில் பாசியும் சேர்ந்து வந்தது. பிக்குணி மியோஜுன் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். பெயரோடு 'சான்' என்று மரியாதை சேர்ப்பார், ஆனால் வாய் நீளம். "சிஸுரு சான், களையைத்தானே பிடுங்கச் சொன்னேன்? பாசியையும் விட்டுவைக்க மாட்டீங்களா?"

ஜூன் 13

பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், கறுப்புக் கயிறு கட்டிய சின்னக் கல் ஒன்று உண்டு. அது இருக்கும் பக்கம் யாரும் போக மாட்டார்கள். பெருக்குவதற்காக அதை நகர்த்தினேன். திரும்ப வைத்தேன் — வலப்பக்கம். வலப்பக்கம்தானே? வீட்டுக்கு வந்த பிறகுதான் இந்தச் சந்தேகம். ஏன் பார்த்து வைக்கவில்லை?

ஜூன் 14, ஞாயிறு

இடப்பக்கம். இடப்பக்கம்தான்!

காலையில் வந்த நாற்பது பேரும் கல்லுக்கு மரியாதை கொடுத்து, புதிதாக நட்ட பாசியை வரிசையாக மிதித்துப் போயிருக்கிறார்கள். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. எல்லாம் சேறு. அழுதுவிட்டேன்.

"ஒரு கல்லைச் சரியா வைக்கத் தெரியல. நான் எப்படிங்க அறுபது பேரை ஏத்திட்டுப் போவேன்?"

"வண்டியில எப்படிப் பாத்துக்குவீங்க?" என்றார் மியோஜுன்.

"கையை நீட்டிக் காட்டி வாய்விட்டுச் சொல்லுவோம். வலது சரி, இடது சரி, கதவு சரின்னு."

"இங்க ஏன் சொல்லல?"

"கோயில்ல சத்தம் போடலாமா..."

"குளத்துத் தவளையை நான் என்னைக்காவது அதட்டினேனா? நாளைக்கு வாங்க, பாசி நடணும்."

ஜூன் 17

பாசித் துண்டுகளை வைத்து வைத்து, கை நீட்டிச் சொன்னேன். பாசி சரி. கல் சரி. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னதும் மூச்சு நீளமாக வந்தது. பிறகு உட்கார்ந்தபோது ஏழு வரை எண்ணினேன். பாலம் வந்தது. 'பாலம், சரி' என்று மனதுக்குள் சொன்னேன். அது போகவில்லை. நானும் எழுந்து ஓடவில்லை.

ஜூன் 22

சாப்பாடு இறங்கவில்லை. பையை நான்கு முறை சரிபார்த்தாயிற்று. கோஹெய் கேலியே செய்யவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

ஜூன் 23

பாலம் வழியாகவே போகச் சொன்னார்கள். நடுவில் மறுபடி மூச்சு முட்டப் பார்த்தது. "மூச்சு, சரி" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த அதிகாரி தாளைப் புரட்டினார். "இது நம்ம பட்டியல்ல இல்லையேம்மா."

"இல்லைங்க."

பணிமனைக்குத் திரும்பியதும் 'தேர்ச்சி' என்று எழுதிக் கொடுத்தார்.

ஜூலை 1

காலை ஐந்தரைக்கு முதல் வண்டி. பாலத்தில் பயம் வரத்தான் செய்தது. வாய்விட்டுச் சொன்னேன், கடந்தேன். மாலையில் தோட்டம். கல் இடப்பக்கம், சரி. பாசி இன்னும் வேர் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சோறு வைத்தேன். கோஹெய் அடுப்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன?"

"இன்னும் மூடியைத் திறக்கலியே. உடம்புக்கு எதாச்சுமா?"