குழாய் எங்களுக்கு, முக்காலி அவர்களுக்கு

ஜூன் 12

பால் கணக்கு சரி. இஸ்திரிக்காரர் ஒரு தலையணை உறையைக் குறைத்துக் கொண்டுவந்திருக்கிறார். குறித்து வைத்தேன்.

மேற்கில் வெள்ளியும் வியாழனும் நெருங்கிக்கொண்டே வருகின்றன. மாதக் கடைசியில் இரண்டும் ஒரே பார்வைக்குள் அடங்கிவிடும் என்கிறது நூலகத்துப் புத்தகம். போனை டெலஸ்கோப்பின் கண்பக்கத்தில் வைத்து இரண்டையும் சேர்த்து ஒரு படம் எடுத்துவிட வேண்டும். மாமனார் விட்டுப்போன டெலஸ்கோப் குழாயைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தேன்.

இவர் தும்மிக்கொண்டே வந்து பார்த்தார். "வியாழனும் வெள்ளியும் காலண்டர்ல வாராவாரம் பக்கத்துல பக்கத்துலதான் இருக்கு. அதுக்குப் போய் இவ்வளவு தூசியா?"

ஜூன் 14

குழாயை ஏணிப்படியில் தலையணை போட்டு அதன்மேல் சாய்த்தேன். படத்தில் வெள்ளி புழு மாதிரி நெளிகிறது. வியாழனைக் காணவே காணோம்.

இவர் சொல்லிவிட்டார்: "இந்த மாசம் முடியட்டும். அதுக்குள்ள உருப்படியா ஒரு படம் வரலைன்னா, குழாயைப் பழைய இரும்புக்காரர்கிட்ட போட்டுடுவேன்." விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தையல் மிஷினுக்கும் இப்படித்தான் சொன்னார், போட்டும் விட்டார்.

ஜூன் 15

முக்காலித் தாங்கி இல்லாமல் நடக்காது. தாங்கி பக்கத்து வீட்டில் இருக்கிறது. கொழுந்தன் வீட்டில்.

மாமனார் போனபின் பாகம் பிரித்தபோது, பட்டியல் போட வந்த வக்கீல் குமாஸ்தாவுக்கு டெலஸ்கோப் என்றால் என்னவென்று தெரியவில்லை. "நீளக் குழாய் ஒன்று, முக்காலி ஒன்று" என்று தனித்தனியாக எழுதிவிட்டார். திருத்தச் சொல்லியிருக்கலாம். அண்ணன் தம்பி இரண்டு பேரும் வீம்புக்கு அப்படியே கையெழுத்துப் போட்டார்கள். குழாய் எங்களுக்கு, முக்காலி அவர்களுக்கு. அன்றோடு பேச்சும் நின்றது. நடுவில் சுவர் வந்தது.

முக்காலி இப்போது அவர்கள் கொல்லைப்புறத்தில் ஒரு பூந்தொட்டியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. துணி காயப்போடும்போது தினமும் பார்க்கிறேன். வயிறு எரியாதா?

ஜூன் 17

எனக்கும் ஓரகத்திக்கும் சண்டை கிடையாது. சுவரோரம் போய்க் கேட்டேன்.

"எனக்கென்னக்கா, தொட்டியை இறக்கித் தரையில வெச்சுட்டுப் போறேன். இவரைத்தான் கேக்கணும்."

சாயங்காலம் கொழுந்தனே சுவரோரம் வந்தான். "அண்ணி, உங்களுக்குன்னா உயிரைக்கூடக் குடுப்பேன். முக்காலி மட்டும் எங்க மண்ணை விட்டு வராது."

உள்ளே வந்து இவரிடம் சொன்னேன். பேப்பரை மடக்கினார். "அப்படியா? அப்போ குழாயும் நம்ம மண்ணை விட்டுப் போகாது."

கடவுளே, கிரகங்களையே நகர்த்துகிறாய். இவர்களை?

ஜூன் 20

மேகம்.

ஜூன் 21

மேகம். வானக் கணக்கில் வரவெல்லாம் மேகமாகவே இருக்கிறது. தலையணை உறை மட்டும் திரும்பி வந்தது.

ஜூன் 24

ஓரகத்திதான் வழி கண்டுபிடித்தாள். முக்காலியை அவர்கள் பக்கம் சுவரை ஒட்டி ஒரு பெஞ்சின்மேல் ஏற்றிவிட்டால், அதன் தலை சுவருக்கு மேலே நிற்கும். குழாயை எங்கள் பக்கத்திலிருந்து நீட்டி அதில் பொருத்திவிடலாம். முன்பாதி மேற்கே அவர்கள் பக்கம், கண் வைக்கும் பக்கம் எங்களுடையது. முக்காலியும் மண்ணை விட்டு வரவில்லை, குழாயும் அவர்கள் மண்ணை மிதிக்கவில்லை.

இவர் சுவரை எட்டிப் பார்த்தார். "முன்பாதி அவங்க காத்துல நிக்குமே?"

"காத்தைப் பட்டியல்ல சேர்க்கலைங்க."

குழாயை எடுத்துத் தானே துடைக்க ஆரம்பித்தார்.

ஜூன் 27

ஒரு சிக்கல். மாலைப் பிரார்த்தனையும் இரண்டு கிரகமும் ஒரே நேரத்தில் வருகின்றன. பிரார்த்தனையை முன்னால் தள்ளிவிட்டேன். படைத்தவனுக்குத் தன் வேலையை ஒருத்தி பார்ப்பதில் வருத்தம் இருக்காது. அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 30

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

சூரியன் இறங்கியதும் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. முக்காலியின் பிடி பழசு, திருகினாலும் நழுவுகிறது. அதனால் அந்தப் பக்கம் கொழுந்தன் திருகாணியைப் பிடித்துக்கொண்டான். இந்தப் பக்கம் இவர் ஸ்டூலில் ஏறிக் குழாயின் அடியைத் தாங்கிக்கொண்டார். நடுவில் நான், போனோடு.

"அண்ணி, குழாயைப் பிடிச்சிருக்கிறவர்கிட்ட சொல்லுங்க. ஆட்டாம பிடிக்கட்டும்."

"ஆட்டாம பிடிக்கணுமாம்."

"முக்காலிக்காரர்கிட்ட சொல்லு. ஆடுறது அவர் பக்கம்."

"ஆடுறது உன் பக்கமாம்பா."

நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் போன் அசைகிறது, வியாழன் ஓடிப்போகிறது. ஒருவழியாக இரண்டும் வட்டத்துக்குள் வந்தன. ஐயோ! வெள்ளி குட்டிப் பிறை. பக்கத்தில் வியாழன், அதன் நிலாக்கள் பொடிப் பொடியாக ஒரே வரிசையில். மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணி, திருகாணி வழுக்குதுன்னு சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? மூச்சு உள்ளே நிற்கிறதே!

"அண்ணி!"

"என்னவாம் அவனுக்கு? கேளேன்."

நான் கல் மாதிரி நின்றேன். படம் எடுத்துக்கொண்டே இருந்தேன். வட்டத்துக்குள் வெள்ளி மெல்ல நகர ஆரம்பித்தது.

"டேய், விழுதுடா! இறுக்குடா!"

"இறுக்கிட்டுதான் இருக்கேன், நீ தூக்கு! எப்பவும் போல என் தலையில போடாதே!"

"யாருடா போட்டது? குடும்பத்தையே உன் தலையில வெச்சுக் கொண்டாடினாரு அப்பா!"

"கொண்டாடி என்னத்தைக் கிழிச்சாரு? குழாயை உனக்குத்தானே குடுத்தாரு!"

"குமாஸ்தா குடுத்தாண்டா, முட்டாள்!"

ஓரகத்தி அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, "அக்கா, பேசறாங்க" என்றாள், ஏதோ வீட்டுக்குள் பாம்பு வந்த மாதிரி.

ஜூலை 1

பகலில் உட்கார்ந்து படங்களைப் பார்த்தேன். ஒன்றே ஒன்று தேறியது. பிறையும் இருக்கிறது, வியாழனும் இருக்கிறது. நிலாக்களைக் காணோம், என் கண்ணுக்குத் தெரிந்தது போனுக்குத் தெரியவில்லை. போகட்டும்.

அதைவிடத் தெளிவான படம் இன்னொன்று இருக்கிறது. குழாய் நழுவியபோது எடுத்தது. எங்கேயோ தூரத்து மொட்டைமாடி விளக்கடியில் காயும் யாரோ ஒருவருடைய பனியன். குழாயில் எல்லாம் தெரிகிற மாதிரியே தலைகீழாக, ஓட்டை உட்பட.

இரும்புக்காரர் வாசலில் கூப்பிட்டுக்கொண்டே போனார். இவர் தலைநிமிரவில்லை.

ஜூலை 4

படத்தைப் பெரிதாகப் போடச் சொல்லியிருந்தேன். ஸ்டுடியோக்காரர் சட்டத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ரெண்டு வெள்ளைப் பொட்டுக்கா இவ்வளவு பெரிய சட்டம்? போன்ல இருந்த அந்தப் பனியனைப் போட்டிருந்தாலும் ஒரு கலை இருந்திருக்கும்" என்றார்.

வீட்டில் புதுத் தகராறு. படம் யாருக்கு? முக்காலி இல்லாமல் படமே இல்லை என்று கொழுந்தன். குழாய் இல்லாமல் முக்காலிக்கு என்ன தெரியும் என்று இவர். கடைசியில் இவர் சொன்ன தீர்ப்பு: "நடுவுல வெட்டிடு. வெள்ளி நமக்கு, வியாழன் அவனுக்கு."

"வியாழன்தான் பெரிசு, சரி" என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. இவருக்கு உடனே மனசு மாறிவிட்டது.

இன்னொரு பிரதி போட்டுக் கொடுத்தேன். ஓரகத்தி அதைத் தலைகீழாக மாட்டியிருக்கிறாள். கொழுந்தனுக்கும் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூலை 12

குழாயைக் கழற்றி எடுத்து வரச் சொன்னேன். "கழட்டினா மறுபடி பொருத்தறது கஷ்டம்" என்கிறார் இவர். சுவர்மேலேயே நிற்கிறது, பழைய மழைக்கோட்டைப் போர்த்திக்கொண்டு.

சாயங்காலமானால் இந்தப் பக்கம் இவர் ஸ்டூலில், அந்தப் பக்கம் அவன் பெஞ்சில். அது நட்சத்திரமா, விமானமா என்று ஓயாத சண்டை. மற்றபடி தெருவில் எதிரெதிரே வந்தால் இன்னமும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். கேட்டால், "நாங்கதான் பேசறதில்லையே" என்கிறார்.

ஜூலை 19

சனியின் வளையத்தைப் பார்க்க வேண்டும். தெற்கே நன்றாக ஏறி நிற்கிறது. என் முறை வரவே இல்லை. "இரு, இரு, இப்பதான் சரியா வெச்சிருக்கான்" என்கிறார்.

போன மாதம் முழுக்க மேகம் வேண்டாம், மேகம் வேண்டாம் என்று வேண்டினேன். இன்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: கடவுளே, ஒரே ஒரு மாலை மேகம் கொடு. இரண்டு பேரும் உள்ளே போகட்டும். அப்புறம் கலைத்துவிடு, நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

ஜூலை 20

கேட்டபடியே மேகம் வந்தது. ஒரு நட்சத்திரம் இல்லை.

இரண்டு பேரும் போகவில்லை. குழாயில் மாற்றி மாற்றிக் கண்ணை வைத்து மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தூறல் விழுந்ததும் மழைக்கோட்டைக் குழாய்க்குப் போர்த்திவிட்டு, நனைந்துகொண்டே நின்றார்கள். ஓரகத்தி அந்தப் பக்கமிருந்து ஒரு குடையை நீட்டினாள். நான் இந்தப் பக்கமிருந்து ஒன்றை நீட்டினேன்.

கணக்குக்காக எழுதுகிறேன்: எங்கள் குடை ஒன்று, கொல்லைப்புறத்தில்.