பெரட்டுக்குப் போன அம்மாவுக்கு

என் செல்ல அம்மா,

எழுத்துக் கூட்டி வாசிக்கவே சிரமப்பட்ட உனக்குப் போய்க் கடிதம் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ இருந்தபோதே முக்கியமான எதையும் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. இப்போது மட்டும் எப்படி வரும்?

செய்தி இதுதான். வியட்நாமில் ஒரு மலைப் பள்ளிக்கூடம். ஒரு பள்ளித் தவணை முழுக்க அங்கே தங்கிப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க என்னைத் தெரிவு செய்திருக்கிறார்கள். தங்க இடம், சாப்பாடு, டிக்கெட் எல்லாம் அவர்கள் பொறுப்பு. சம்பளம் கிடையாது. வருகிறேனா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொன்னார்கள்.

நம் தோட்டத்து லயத்து வீடுகளில் வெளிநாடு என்றால் குவைத்தும் டுபாயும்தானே. பக்கத்து வீட்டுச் செல்லம்மா அத்தை குழாயடியில் வைத்தே கேட்டுவிட்டார்.

"சம்பளமில்லாத வெளிநாடா? அதுக்கு ஏன்டி பிளேன் ஏறணும்? எங்க வீட்டுக்கு வா, சட்டி கழுவு. சோறு நானே போடுறேன்."

குழாயடியே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் குடத்தைத் தூக்கும்போது அத்தை மெதுவாகச் சொன்னதுதான் நெஞ்சில் நின்றுவிட்டது. "நம்ம புள்ளைகளுக்கே இங்கிலீஷ் சொல்லிக்குடுக்க ஆளில்ல. நீ யாரு வீட்டுப் புள்ளைக்கோ சொல்லிக்குடுக்கப் போற."

அத்தை சொன்னதில் என்ன பிழை, அம்மா? தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அதே பிள்ளைமடுவத்தில்தான் சனிக்கிழமை பின்னேரம் என் வகுப்பு நடக்கிறது. பிள்ளைகள் அழகாக எழுதுகிறார்கள். ஒருவரும் வாய் திறப்பதில்லை. கெம்பஸில் கடைசி வரிசையிலேயே இருந்து பட்டம் வாங்கியவள் நான். நான் படித்த மாதிரிதானே அவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன், கரும்பலகையைப் பார்த்து எழுது, எழுது என்று. பிள்ளைகளைப் பேச வைப்பது எப்படி என்று அங்கே முதலில் எங்களுக்குப் பழக்குவார்களாம். என்னை இழுப்பது அதுதான்.

நேர்முகத் தேர்வு போனிலேயே நடந்தது. சிக்னல் கிடைக்கும் மேட்டில், தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, திரையில் தெரிந்த வியட்நாம் டீச்சரிடம் பேசினேன். பேசினேன் என்றா சொல்வது? யெஸ், நோ என்றேன். உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். அம்மா தினமும் விடிந்ததும் பெரட்டுக்குப் போவார் என்று சொல்ல நினைத்தேன். பெரட்டுக்கு இங்கிலீஷில் என்ன? பரேட். அதிலிருந்து வந்த சொல்தானே என்று அதையே சொல்லிவிட்டேன்.

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்கள் அம்மா இராணுவத்திலா இருந்தார்?"

தலையில் தொப்பி, முதுகில் கொழுந்துக் கூடையோடு நீ சல்யூட் அடிப்பதை நினைத்துப் பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு எப்படித்தான் பேச்சு வந்ததோ! காலையில் எல்லோரும் கூடி நிற்பதை, கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு இன்னாருக்கு இந்த மலை என்று பிரித்து அனுப்புவதை, வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன அந்தச் சொல்லை நாம் தமிழாக்கிக்கொண்டதை எல்லாம் சொன்னேன். அவரும் சிரித்தார். அவர்கள் ஊரில் குளிக்கிற சவுக்காரத்துக்குப் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன பேர்தானாம். அவ்வளவு இங்கிலீஷ் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. பிழை விட்டால் பேச்சு நின்றுபோகும் என்றுதான் இத்தனை வருஷமும் பயந்தேன். அன்றைக்குப் பேச்சைத் தொடங்கி வைத்ததே பிழைதான். நம் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு பிழை விட இடம் வேண்டாமா?

அப்பாவிடம் சொன்னபோது மிளகுக் கொடியைக் கட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"சம்பளம் இல்லாட்டிப் பரவால்ல. திரும்பி வர்ற டிக்கெட்டும் போட்டிருக்காங்களான்னு மொதல்ல பாரு."

போட்டிருக்கிறார்கள். பார்த்துவிட்டு, வருகிறேன் என்று இன்று பதில் அனுப்பினேன்.

சனிக்கிழமை வகுப்பு நிற்காது. என்னோடு படித்த பர்ஹானா பலாபத்வலையிலிருந்து பஸ்ஸில் வந்து நடத்துவாள். அவளுக்கு என்னைவிட வாய் அதிகம். தவணை முடிந்ததும் திரும்பி வந்து, பிள்ளைமடுவத்தில் பாடம் எழுதும் முன் நான் பேச்சைத் தொடங்குவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். கடைசிவரை தள்ளிக்கொண்டே வந்தேன். உன் முதல் திவசம் அந்தத் தவணைக்குள்தான் வருகிறது. வீட்டில் அப்பா படைப்பார். நானும் அங்கே ஓர் இலையில் சோறு வைப்பேன். காரம் இருக்காது. கூப்பிடக் காக்கா இருக்குமா என்றும் தெரியவில்லை. வேறு எந்தப் பறவை வந்தாலும் நீ என்றுதான் நினைத்துக்கொள்வேன். வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அங்கேயும் ஒரு நடை வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போம்மா.

இரத்தோட்டையிலிருந்து,
உன் மூத்த மகள்