உன் மரணப் பதாகையில் என் முகம்

பாசமுள்ள மச்சான் செல்வம்,

வருகிற வெள்ளிக்கிழமையோடு நீ போய் ஒரு வருஷம். உன் மனைவி கமலா தோட்டத்தில் அதே லயத்து அறையில்தான் இருக்கிறாள், தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறாள். என் மரக்கறிக் கடைக்கு ஹட்டனில் இன்னொரு கிளை வந்துவிட்டது. நான் நலமில்லை.

எல்லாம் அந்தப் பொருளாதார நெருக்கடிக் காலத்தில் தொடங்கியது. லயங்களுக்குக் கோவா, கரட் என்று மரக்கறி இலவசமாகக் கொண்டுபோனோமே, யாரோ அதைப் படமெடுத்துப் போட்டார்கள். தெருவில் இறங்கினால் "அண்ணே, ஒரு செல்ஃபி!" முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு, படமெடுக்க ஆள் வராத நாளில் லொறியே கிளம்பவில்லை. நீ மட்டும்தான் சிரித்தாய்: "மச்சான், கோவாவக் குடுக்கிறியா, மூஞ்சியக் குடுக்கிறியா?"

உன் சாவு வீட்டில் நான் செய்ததை நீ பார்க்கவில்லை. நோர்வூட் சந்தியில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டினேன். நடுவில் நான், கைகூப்பியபடி ஆளுயரத்துக்கு. மூலையில் தபால் முத்திரை அளவில் நீ. பஸ்ஸில் வந்த என் சின்னம்மா அதைப் பார்த்துப் பதறி இறங்கி, சாவு வீடு எதுவென்று விசாரித்து வந்து, உன் வாசலில் நெஞ்சில் அடித்துக்கொண்டார்: "என் ராசா, போயிட்டியா!"

நான் முன்னால் போனேன்.

"அடப்பாவி, உசுரோடதான் இருக்கியா? அப்ப செத்தது யாருடா?"

அழுதுகொண்டிருந்தவர்களே வாயைப் பொத்திச் சிரித்தார்கள். கமலா சிரிக்கவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்: சின்னம்மா எனக்காக அழுத அந்த ஒரு நிமிஷம் எனக்கு இனித்தது. உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இனித்தது, மச்சான். எப்படிப்பட்டவனாகிவிட்டேன்?

இப்போது போட்ட வீடியோவை ஆட்கள் பார்க்காவிட்டால் நெஞ்சு படபடக்கிறது, சோறு இறங்குவதில்லை. நுவரெலியாவில் ஒரு மனநல டொக்டரிடம் போனேன். வரிசையில் ஒருவர் அடையாளம் கண்டு போனை நீட்டினார். அந்த அறை வாசலிலும் பல்லைக் காட்டி நின்றேன்.

டொக்டர் ஒன்றுதான் கேட்டார்: "படம் எடுக்காம யாரையாவது கடைசியாப் போய்ப் பாத்தது எப்ப?"

யோசித்தேன். நினைவில் ஒருவரும் வரவில்லை.

போன கிழமை கமலா கடைக்கு வந்தாள். வாசலிலேயே நின்று சொன்னாள்: "அண்ணே, அவரு திவசத்துக்கு நீங்க வரணும். போன் வேணாம், ஆளுங்க வேணாம். அன்னைக்கும் படம் எடுத்தீங்கன்னா, எனக்கு அண்ணன்னு ஒருத்தரு இல்லைன்னு நெனச்சுக்குவேன்."

"சரி தங்கச்சி" என்றேன். அவள் பஸ் ஏறும் முன்னமே, எந்தச் சட்டை போட்டால் எடுப்பாக இருக்கும் என்று மனசு போய்விட்டது. வியாபாரத்தில் என்னை யாரும் ஏமாற்றியதில்லை. என்னிடமிருந்து தப்பத்தான் வழி தெரியவில்லை.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் போடத் தருகிறேன் என்றபோது, கூடவே போட என் படம் கேட்டார்கள். தரவில்லை, பெயரும் வேண்டாம் என்றேன். அதற்கும் யாராவது மெச்சுவார்களா என்று மனசு இப்போதே காத்திருக்கிறது. பார்த்தாயா?

ஆனாலும் வெள்ளிக்கிழமை போனைக் கடையில் பூட்டிவிட்டு, தனியாக பஸ்ஸில் வருவேன். கை போனைத் தேடும். தேடட்டும். சாப்பாட்டுப் பந்தியில் கடைசி ஆளாக உட்கார்ந்து, உன் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டுத்தான் எழுவேன். இது உனக்குத் தரும் வாக்கு.

கமலாவுக்கு அண்ணனாகவே இருக்க ஆசைப்படும்,
உன் மச்சான்