மொபெட் என்று போடாத நோட்டீஸ்

என்ரை இஞ்சாருங்கோ,

நாற்பத்தொரு வருசம் இப்படித்தானே கூப்பிட்டேன். கடிதத்துக்கும் வேறு சொல் வரவில்லை. அடுத்த மாதம் நீங்கள் போய் ஒரு வருசம், உங்கள் ஆட்டைத் திவசம். அதற்கு முதல் நான் விட்ட ஒரு பிழையை உங்களிடம் சொல்ல வேண்டும்.

நீங்கள் கண்மூடிய அன்று, மரண நோட்டீஸ் அடிக்கப் புறப்பட்ட உங்கள் தம்பி கேட்டார். "பேருக்குப் பக்கத்திலை மொபெட் எண்டும் போடுவம் அண்ணி. அப்பதான் சனத்துக்கு விளங்கும்." நான் மறித்துவிட்டேன். செத்த பிறகாவது மனிசனை மரியாதையாகப் போகவிடுங்கள் என்றேன். சிற்றம்பலம் கனகரத்தினம் என்று முழுப்பெயர் எழுதிக் கொடுத்தேன். கழுத்துப்பட்டி கட்டி, கலியாணத்துக்கு முதல் நீங்கள் எடுத்த படத்தையும் நான்தான் தேடிக் கொடுத்தேன்.

அந்தச் சொல்லில் எனக்கு எவ்வளவு கூச்சம் என்று உங்களுக்குத் தெரியும். மெதுவாக நடப்பவனையும், இரண்டு தரம் சொன்னால்தான் விளங்குகிறவனையும் எங்கள் ஒழுங்கையில் மொபெட் என்றுதானே பகிடி பண்ணினார்கள். கத்தரிக்காய்ச் சாக்கை மொபெட்டின் பின்னால் கட்டி, எதிர்காற்றுக்கு எஞ்சின் இழுக்காத நேரம் நீங்கள் மிதித்துக்கொண்டு போனதில் வந்த பெயர் அது. வெள்ளிக்கிழமைகளில் கோயில் வீதி வருவதற்கு முன்னமே என்னை இறக்கிவிடச் சொல்லுவேன். ஏன் என்று ஒருநாளும் நீங்கள் கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்காமல் விட்டீர்களா?

செத்தவீட்டுக்கு வந்தவர்களின் பெயர்களைக் கொப்பியில் எழுதி வைத்தேன். கிழமைக்கு மூன்று நாள் நீங்கள் மரக்கறி கொண்டுபோன மயிலிட்டியிலிருந்து ஒரு பெயரும் இல்லை. வாய்க்கு வாய் அருளப்பு, அருளப்பு என்பீர்களே, அந்தக் கடற்தொழிலாளியும் வரவில்லை. மரக்கறி வாங்க மட்டும் தெரிந்த சனம் என்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து அருளப்பு வந்தார். நாங்கள் மச்சம் சாப்பிடாத வீடு என்பதால் மீன் இல்லை. ஒரு சீப்பு வாழைப்பழம். படலையில் நின்று, "மொபெட் அண்ணைக்குச் சுகமில்லையோ அக்கா? கனநாளாக் காணேல்லை" என்றார்.

மாலை போட்டிருந்த படத்தைக் காட்டினேன். நோட்டீஸில் போட்ட அதே படம். கனநேரம் பார்த்தார்.

"இந்த நோட்டீஸ் எங்கடை மீன்வாடிக்கு முன்னாலை ஒட்டியிருந்தது. அதுக்குக் கீழை இருந்துதான் கிழிஞ்ச வலை பொத்தினனான். ஆரோ பெரிய மனிசன் எண்டு நினைச்சன்."

தேத்தண்ணீர் ஆறும்வரை கதைத்தார். இந்தப் பெயருக்கு உங்களுக்குக் கோபம் வராதா என்று ஒருநாள் கேட்டாராம். நீங்கள் சிரித்தீர்களாம். "மோட்டர் நிண்டாலும் பெடல் இருக்கெடா. பேர் வைச்சவன் தெரிஞ்சுதான் வைச்சிருக்கிறான்" என்றீர்களாம். போகும்போது, உங்களை எங்கே எரித்தது என்று கேட்டார். தனியாகச் சுடலைக்குப் போய் நின்றுவிட்டுத்தான் பஸ் ஏறினார் என்று பிறகு அறிந்தேன்.

அன்று பின்னேரம் நோர்வேயில் இருக்கும் எங்கள் மகளிடம் அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டேன். "அது பக்கத்திலை, சுவீடனிலை உண்டான சொல்லம்மா. மோட்டரிலை முதல் துண்டையும் பெடலிலை முதல் துண்டையும் சேர்த்து வைச்சது. அப்பாவுக்குத் தெரியுமே. உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். அகராதியை மடியில் வைத்துப் புராணத்துக்குப் பொருள் படித்தவள். ஏதோ கொம்பனியின் பெயர் என்று நினைத்துக்கொண்டு, இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் பொருள் தேடவில்லை. உங்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள். கேட்க விடாமல் என்னை மறித்தது எது?

திவச நோட்டீஸில் உங்கள் பெயரோடு மொபெட் என்றும் வரும். மகள் எடுத்த, சாக்குக் கட்டிய மொபெட்டோடு நீங்கள் நிற்கும் படம் வரும். ஒட்டுவதற்கு ஆள் அனுப்ப மாட்டேன். நானே பஸ்ஸில் மயிலிட்டிக்குப் போய், வாடி வாடியாகச் சொல்லுவேன். அந்தச் சனத்தைப் பற்றி நான் சொன்ன சொல்லுக்கு அவர்கள் முகத்தைப் பார்த்தே மன்னிப்புக் கேட்பேன். ஆருடைய திவசம் என்று கேட்பார்கள். உங்கள் பெயரைச் சொல்லிப் பழகாத வாய் இது. ஆனாலும் மொபெட் என்று சத்தமாகச் சொல்லுவேன். முருகன் மேல் ஆணை.

உங்கள் மனிசி,
பறுவதம்