காக்கா வராத அமாவாசை

மகாளய அமாவாசை, வியாழன்

ஒவ்வொரு அமாவாசை கழிந்ததும் என் மகன் கதிரின் கடல்மீன் தொட்டியில் நைட்ரேட் என்கிற கழிவு உப்பு ஏறிவிடுகிறது. சோதனை மருந்தைச் சொட்டு விட்டுப் பார்த்தால் குப்பித் தண்ணீர் சிவக்கிறது. அவன் விட்டுப்போன பவளத்தில் பாதி வெளுத்துவிட்டது. தேயிலை எஸ்டேட்டில் போடுகிற யூரியா கிணற்றில் இறங்குகிறதோ என்று வடிகட்டியைக்கூட மாற்றினேன்.

இன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது. மதியம் அவன் படத்துக்குப் படைத்துவிட்டு, என் மனைவி செல்வி காக்காவுக்குச் சோறு வைக்க வெளியே போனாள். நான் தொட்டிக்கு உப்பு கரைத்துக்கொண்டு வந்தால், அந்தச் சோற்றை அவள் தொட்டிக்குள் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஆத்திரத்தில் கத்த வாயைத் திறந்தேன்.

"நொம்ப நேரமாக் கூப்பிட்டேனுங்க. பனி மூடிக் கெடக்குது, ஒரு காக்காகூட வரலீங்க. முந்தின அமாவாசைங்களுக்கும் வரலீங்க," என்றாள். "இதுங்க நம்ம பையன் கையில தின்னதுங்க. பாருங்க, வந்து திங்குது."

ஆரஞ்சு மீன் ஒரு பருக்கையைக் கொத்திக்கொண்டிருந்தது.

"சரி, போடு," என்றேன்.

அவள் படுத்த பிறகு குழாய் வைத்து, அடியில் கிடந்த சோற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்தேன். அழுக விட்டால் மிச்சப் பவளமும் போய்விடும். வாளியை எடுத்துக்கொண்டு சாக்கடை வரைக்கும் போனேன். அவனுக்குப் படைத்த சோறு. கொட்டக் கை வரவில்லை. திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். வாளி என் காலடியில்தான் இருக்கிறது.