ஏழும் எட்டும்

ஞாயிறு காலை

அன்புள்ள மரமண்டைக்கு,

நாங்கள் மூவரும் நலம். போனில் தினமும் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று உனக்குத் திக்கென்றிருக்கும். போனில் சொன்னால் நீ பேசிப் பேசியே என் மனசைக் கரைத்துவிடுவாய். அதோடு இந்த உறைக்குள் இன்னொரு தாளும் வைக்கப் போகிறேன். அதை இப்போது பிரிக்காதே. முதலில் இதைப் படித்து முடி. மேலே உன்னைப் பழைய பெயரில் கூப்பிட்டதற்குக் கோபித்துக்கொள்ளாதே. லேபில் நாள் முழுக்க உயிரினங்களின் வம்ச மரமாக வரைந்து தள்ளி நீயே சம்பாதித்த பெயர். கல்யாணப் பத்திரிகையில் போடாததுதான் பாக்கி.

மாமாவுக்கு வலது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்ததும் அவர் பார்க்கக் கேட்டது என்னையும் இல்லை, பேத்தியையும் இல்லை. நம் நத்தைகளைப் பற்றிப் பத்திரிகையில் வந்த துணுக்கைத்தான். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறாரே, அது. உன் படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "இவன் மூக்கு இவ்வளவு பெரிசா? யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார். சொட்டு மருந்து விடப் போனால் மட்டும் குழந்தையை விட மோசமாக அடம்பிடிக்கிறார்.

உன் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. லிஃப்டில் ஏறுகிறவர்கள் எல்லாரிடமும், "அப்பா வேலை அடுத்த மாசம் நிரந்தரமாயிடும், அப்புறம் நாங்க அங்கயே போயிடுவோம்" என்று பல்லிடுக்கில் காற்று வரச் சொல்கிறாள். கமிட்டி கூடி முடிவு செய்யட்டும், அதுவரை வாயை மூடு என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே. வருஷா வருஷம் நீட்டிக்கிற வேலைக்குக் குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியுமா? எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது நீ விமானம் ஏறினாய். இப்போது ஆறு வயது. அவளுக்கு நீ ஒரு திரைக்குள் இருக்கிற ஆள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்தது போதும்.

மூன்று மாதம் முன்பு வேறொரு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மாணவி ஒருத்தி எனக்கு எழுதினாள். நம் நத்தைகளில்தான் அவளும் வேலை செய்கிறாள். நம் கட்டுரையை அடித்தளமாக வைத்து மூன்று வருஷமாக மாரடிக்கிறாள். கிழக்கு மலை நத்தையும் மேற்கு மலை நத்தையும் அவள் மரத்தில் பக்கத்துப் பக்கத்தில் வரவே மாட்டேன் என்கின்றனவாம். "எங்கையிலதான் ஏதோ கோளாறு மேடம், நீங்க எப்படிச் செஞ்சீங்கன்னு சொன்னா திருத்திக்கிறேன்" என்று கேட்டிருந்தாள். நான் பெரிய இவள் மாதிரி, கழுவும்போது கவனமாக இரு என்று இரண்டு வரி பதில் போட்டேன். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது. மூன்றாவது தடவை எழுதியபோது, ஆராய்ச்சியையே விட்டுவிடும்படி வழிகாட்டி சொல்கிறார் என்று எழுதினாள். அதன் பிறகுதான் எனக்கு உறுத்தியது.

அருங்காட்சியகத்தில் ஸ்பிரிட் பாட்டிலில் கிடக்கும் நம் பழைய நத்தைகளையே வாங்கி வந்து, காலிலிருந்து துளி சதை எடுத்து, டி.என்.ஏ. பிரித்து, முதலிலிருந்து செய்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மாணவி சொன்னதுதான் சரி.

உனக்கே பாடம் எடுக்கிறேன், பொறுத்துக்கொள். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு நிதானம் வருகிறது. உலகத்து நத்தைகளில் பெரும்பாலானவை வலம்புரி. இந்த இரண்டு மலைகளில் மட்டும் இடம்புரி. இரண்டும் அக்கா தங்கை, ஒரே தாயிடமிருந்து வந்தவை, இடப்பக்கச் சுருள் ஒரே ஒரு முறைதான் தோன்றியது என்று நாம் எழுதினோம். அது பொய். மேற்கு மலை நத்தை கிழக்கு நத்தைக்கு ஒன்றுவிட்ட உறவு கூட இல்லை. அதனதன் மலையில் தனித்தனியாகத்தான் சுருள் திரும்பியிருக்கிறது.

எப்படி நடந்தது என்று யோசித்து யோசித்து, கடைசியில் ஃப்ரீசரைத் திறந்து பழைய பெட்டியை எடுத்தேன். அன்றைக்கு டி.என்.ஏ. பிரித்து வைத்த குழாய்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஒன்றின் உடம்பிலும் எழுத்து இல்லை. எண்ணை மூடியில் மட்டும் எழுதியிருக்கிறேன். புதுசாகச் சேருகிறவர்களுக்கு நான் தொண்டை கிழியச் சொல்கிற முதல் விஷயமே இதுதான்: மூடியில் எழுதாதே, மூடி கழன்று வரும், குழாயில் எழுது. அப்போது எனக்கு ஏழாம் மாதம். நிற்க முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்து செய்தேன். கழுவுவதற்காகத் திறந்த மூடிகளைக் காகிதத்தின் மேல் வரிசையாக வைத்துவிட்டு, திருப்பி மூடும்போது ஏழையும் எட்டையும் மாற்றியிருக்கிறேன். ஆறும் ஏழும் கிழக்கு மலை, எட்டு மேற்கு மலை. எட்டு என்று நாம் படித்தது ஆறாம் குழாயில் இருந்த அதே கிழக்கு மலை நத்தையை. நீ ஆயிரம் தடவை கலைத்துப் போட்டு மரம் வரைந்தாய், ஆயிரம் தடவையும் இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றன. ஒட்டாமல் என்ன செய்யும்? மூடி மாறியது கணினிக்கு எப்படித் தெரியும்? ஏழாம் குழாய் ஓடியிருந்தால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். அது மெஷினில் ஓடவில்லை, விட்டுவிடலாம் என்று நீ சொன்னாய். விட்டுவிட்டோம்.

என்னை மன்னித்துவிடு. உன் பெயர் முதலில் இருக்கிற கட்டுரை, அதை வைத்துத்தான் அந்த வேலை கிடைத்தது, அதை வைத்துத்தான் அடுத்த மாதம் கமிட்டியும் பேசப் போகிறது. எல்லாவற்றையும் என் கை கெடுத்துவிட்டது. ஆனாலும் கட்டுரையைத் திரும்பப் பெற்றே ஆக வேண்டும். அங்கே ஒரு பெண் தன் கை சரியில்லை என்று அழுதுகொண்டிருக்கிறாள். பத்திரிகை ஆசிரியர் குழுவுக்கான கடிதத்தில் தவறு முழுக்க என்னுடையது, உனக்கு எதுவும் தெரியாது என்று எழுதப் போகிறேன். சோதனை செய்த தேதிகளை மட்டும் பழைய நோட்டுகளிலிருந்து குறித்துக்கொள்ள வேண்டும். நாளை லேபுக்குப் போய்…


வியாழன் மதியம்

மேலே எழுதியதைக் கிழிக்கவில்லை. நான் எந்த மனசோடு எழுத ஆரம்பித்தேன் என்று உனக்குத் தெரியட்டும்.

திங்கட்கிழமை உன் மேசைக்குக் கீழே இருக்கிற அலமாரியைத் திறந்தேன். நீ விட்டுப்போன பச்சை அட்டை நோட்டு அங்கேதான் இருந்தது. தேதிகளுக்காகத்தான் புரட்டினேன், சத்தியமாக வேறு எதற்கும் இல்லை. கட்டுரையை அனுப்புவதற்கு மூன்று நாள் முந்தைய பக்கத்தில் உன் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "ஏழு மறுபடி போட்டேன். ஓடியது. தனியாகப் போய் நிற்கிறது. மூடி?" அதன் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, வேறு பேனாவில்: "ஏழு கெட்டுப்போன சாம்பிள். சேர்க்க வேண்டாம்."

அந்த ஒரு வார்த்தையையும் கேள்விக்குறியையும் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். நான் மூன்று மாதம் முட்டி மோதிக் கண்டுபிடித்ததை நீ அன்றைக்கே ஒரே வார்த்தையில் எழுதி வைத்திருக்கிறாய்.

அந்த வாரம் நான் பிரசவ வார்டில் இருந்தேன். நீ பூரித்துப்போய் வந்து, "அனுப்பிட்டேன்! உன் பேரும் என் பேரும் பக்கத்துல பக்கத்துல" என்று சொல்லிக் குழந்தையைத் தூக்கினாய். நானும் சிரித்தேன். இப்போது அந்தக் காட்சியை நினைக்க நினைக்க ஆத்திரமாக வருகிறது. என் தப்பு வெளியே வந்து நான் தலைகுனியக் கூடாது என்று மறைத்தாயா? இல்லை, உன் கட்டுரை நிற்க வேண்டும் என்று மறைத்தாயா? எனக்காக என்றால், இந்த ஆறு வருஷத்தில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாவி. உனக்காக என்றால், நான் யாரோடு குடும்பம் நடத்தினேன்? எது என்று தெரிந்தால் வலி குறையுமா என்று யோசித்துப் பார்த்தேன். எதிலும் குறைகிற மாதிரி இல்லை. அதனால் நான் கேட்கப் போவதில்லை. நீயும் போனில் விளக்க வேண்டாம்.

மாமாவிடம் எதுவும் சொல்லவில்லை. நேற்று அவரே, "என்னம்மா, முகம் இருண்டு கெடக்கு, அவன் ஏதாவது சொன்னானா?" என்று கேட்டார். தலைவலி என்றேன். நம்பவில்லை.

அந்த மாணவிக்கு மட்டும் நேற்றே எழுதிவிட்டேன். உன் கையில் ஒரு கோளாறும் இல்லை அம்மா, எங்கள் கட்டுரைதான் தப்பு என்று. பதில் உடனே வந்தது. நன்றி என்று மட்டும்தான் எழுதியிருந்தாள். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை போலிருக்கிறது.

இப்போது அந்த இன்னொரு தாளைப் பிரி. கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதம். மூடி மாறியது என் தவறு என்று எழுதியிருக்கிறேன், அது உண்மை. உனக்கு எதுவும் தெரியாது என்ற வரியை எழுத வரவில்லை. உன் நோட்டைப் பற்றியும் எழுதவில்லை. அந்த இடத்தில் நான்கு வரி காலியாக விட்டிருக்கிறேன். என்ன எழுதுவாயோ, நீயே எழுது.

அடுத்த மாதம் இருபதாம் தேதி இதை அனுப்பப் போகிறேன். உன் கமிட்டி கூடுவதற்கு ஐந்து நாள் முன்பு. தேதியைத் தள்ளிப்போடச் சொல்லாதே. அந்த வேலை போனால் நீ பெட்டியோடு இங்கே வந்து நிற்பாய், உன் மகள் லிஃப்டில் வேறு கதை சொல்வாள், நான் சமாளித்துக்கொள்வேன். உன் கையெழுத்து இல்லாமலும் பத்திரிகை ஏற்றுக்கொள்ளும், விசாரித்துவிட்டேன். ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்ப்பார்களாம்: 'முதல் ஆசிரியர் இதற்கு உடன்படவில்லை.' நம் இரண்டு பேரையும் பற்றி அப்படி ஒரு வரி அச்சில் வந்துவிட்டால், அதற்கு அப்புறம் உன்னோடு ஒரே வீட்டில் இருக்க எனக்குத் தெம்பு இருக்காது. மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. கெஞ்சுகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. அங்கே குளிர் அதிகம் என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ. உனக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது. அந்த நான்கு வரியை மட்டும் எழுதிவிடு. உண்மையை எழுது, என்னைக் காப்பாற்றுகிற மாதிரி எழுதாதே. எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு, தயவுசெய்து போட்டுவிடு.

இருபதாம் தேதி வரை தபாலுக்காகக் காத்திருக்கும்
உன் மனைவி